பழைய கார்: எந்தக் குறைக்கு விலை பேசலாம், எந்தக் குறைக்கு வண்டியையே விட்டுவிட வேண்டும்

பழைய காரில் இருக்கக்கூடிய குறைகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டயர் தேய்ந்திருக்கிறது, கிளட்ச் வழுக்குகிறது, ஏ.சி. குளிரவில்லை, பேட்டரி இறங்கிவிட்டது. இவை முதல் வகை. சரிசெய்ய என்ன ஆகும் என்று பக்கத்து மெக்கானிக்கே சொல்லிவிடுவார். அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. பெரிய விபத்தில் உடல்கட்டு வளைந்த கார், வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார், மீட்டரைத் திருப்பிய கார், காகிதத்தில் வில்லங்கம் உள்ள கார். இவை இரண்டாம் வகை. இவற்றுக்கு இன்னும் எவ்வளவு செலவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த வண்டி மலிவு ஆகாது.

முதல்முறை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பம்பரில் உள்ள கீறலைக் காட்டி ஐயாயிரம் குறைக்கப் போராடுவார்கள், பானட்டுக்குள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கன்சல்டிங்குக்கு, அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடைக்கு, ஒரு வண்டி வந்ததும் முதலில் நடப்பது பாலிஷ், உள்ளே டிரைகிளீன், டயருக்குக் கறுப்புப் பூச்சு. ஆகவே பளபளப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டிய இடங்கள் வேறு.

போவதற்கு முன், போனிலேயே

பதிவு எண்ணை முதலில் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் பதிவான தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் எதுவரை, எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை, வண்டி மேல் கடன் இருக்கிறதா என்பவை வந்துவிடும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மறைந்திருந்தாலும், விற்கிறவர் சொன்ன பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க அது போதும். கட்டாத அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம்.

பிறகு பேச்சுவாக்கில் கேட்க வேண்டியவை: "சார், வண்டி உங்க பேர்லதான் இருக்கா? நீங்க எத்தனையாவது ஓனர்? சர்வீஸ் எங்க விட்டீங்க, பில் இருக்கா? ரெண்டு சாவியும் இருக்கா? இன்சூரன்ஸ்ல கிளைம் எதுவும் எடுத்திருக்கீங்களா?" இதில் எந்தப் பதிலையும் அப்படியே நம்ப வேண்டாம், குறித்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் வண்டி என்ன சொல்கிறது என்று ஒப்பிடத்தான் இது.

"2019 மாடல்" என்று சொன்னால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 2018 அக்டோபரில் தயாரான வண்டி ஷோரூமில் கிடந்து 2019 பிப்ரவரியில் பதிவாகியிருக்கலாம். அது 2018 வண்டி; விலையும் 2018-க்கு உரியதாக இருக்க வேண்டும். இன்னொரு காரணத்துக்காகவும் 2019-ஐ நினைவில் வைப்பது நல்லது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஏ.பி.எஸ். (சட்டென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் ஆகியவை எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய கார்களில் அடிப்படை மாடல் பலவற்றில் ஏர்பேக்கே கிடையாது. குடும்பத்தோடு நெடுஞ்சாலை போகிறவர்கள் சன்ரூஃபைத் தேடுவதைவிட இதைத் தேட வேண்டும்.

பெட்ரோலா டீசலா என்ற கேள்விக்கு நீண்ட விவாதம் தேவையில்லை. மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதவருக்கு டீசல் வேண்டாம். அதுவும் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படியான) டீசல்களில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சீரான ஓட்டம் வேண்டும். தினமும் நாலு கிலோமீட்டர் போய் வருகிறவர் கையில் அது அடைத்துக்கொள்ளும், மாற்றுவதற்கும் பெருந்தொகை ஆகும்.

காலையில், வெயில் ஏறும் முன்

வண்டி பார்க்கப் போகும் நேரம் முக்கியம். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜினில் வரும் சத்தமும் புகையும் சூடான என்ஜினில் மறைந்துவிடும் என்பதால்தான் அப்படிச் செய்வார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம். இரவிலும் மழையிலும் கார் பார்க்கக் கூடாது; நனைந்த பெயின்டில் எந்த ஒடுக்கும் தெரியாது.

அடிபட்ட வண்டி: போல்ட் சொல்லும் கதை

இன்றைய சின்னக் கார்களில் லாரிக்கு இருப்பதுபோல் தனியாகச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. உடல்தான் சேசிஸ். தகடுகளைப் புள்ளிப் புள்ளியாக வெல்டு செய்து ஒரே கூடாகக் கட்டியிருக்கிறார்கள். மோதலின் வேகத்தை எங்கே மடங்கி வாங்க வேண்டும், எங்கே மடங்காமல் நிற்க வேண்டும் என்று கணக்கிட்ட கூடு அது. ஒருமுறை மடங்கியதை இழுத்து நிமிர்த்தி, வெட்டி ஒட்டி வைத்தால் பார்வைக்குச் சரியாகும். அடுத்த மோதலில் அதே கணக்குப்படி நடந்துகொள்ளாது. எனவே கேள்வி "டிங்கரிங் செய்திருக்கிறதா" என்பதல்ல. நம் ஊர்ச் சாலையில் ஐந்து வருடம் ஓடிய காரில் ஒரு ஃபெண்டராவது (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) பெயின்ட் பார்த்திருக்கும், அது குற்றமில்லை. கூடு வரை அடி போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பானட்டைத் திறங்கள். அதைத் தாங்கும் கீல்களில் போல்ட்டுகள் இருக்கும். தொழிற்சாலையில் முதலில் போல்ட் பூட்டி, பிறகுதான் மொத்தமாகப் பெயின்ட் அடிக்கிறார்கள். அதனால் போல்ட் தலையிலும் கீலிலும் பெயின்ட் ஒரே படலமாக, விரிசல் இல்லாமல் இருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் ஆறு முனைகளில் ஏதாவது ஒன்றில் பெயின்ட் உரிந்து உலோகம் தெரியும், வாஷரைச் சுற்றி ஒரு வளையக் கோடு விழும். பார்த்துப் பழகினால் ஒரு நிமிட வேலை. இதையே இரண்டு ஃபெண்டர்களின் மேல் வரிசைப் போல்ட்டுகளிலும், நான்கு கதவுகளின் கீல்களிலும், டிக்கியிலும் பாருங்கள். ஒரு ஃபெண்டர் மட்டும் கழன்றிருந்தால் சின்ன இடி. பானட், இரண்டு ஃபெண்டர், ஹெட்லைட் எல்லாமே கழன்றிருந்தால் முன்பக்கம் பலமாக வாங்கியிருக்கிறது.

அடுத்து, ரேடியேட்டருக்கு மேலே குறுக்காக ஓடும் தகடு, பக்கவாட்டில் ஷாக் அப்சார்பர் வந்து உட்காரும் ஏப்ரன். இவற்றில் தொழிற்சாலைப் புள்ளி வெல்டுகள் சீரான இடைவெளியில் சின்ன வட்டக் குழிகளாகத் தெரியும். குழிகள் இல்லாமல் மொத்தமாக வழித்துப் பூசியிருந்தாலோ, கட்டியாக வெல்டு ஓடியிருந்தாலோ அந்தத் தகடு மாறியிருக்கிறது. இடது ஏப்ரனையும் வலது ஏப்ரனையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டும் கண்ணாடிப் பிம்பம்போல் இருக்க வேண்டும். கதவு ஓரத்து ரப்பரைக் கையால் இழுத்தால் கழன்று வரும். உள்ளே கூரையைத் தாங்கும் பில்லர் தகட்டிலும் இதே புள்ளிகளைத் தேடலாம். ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடித்தளத்தைப் பாருங்கள். பின்னாலிருந்து இடி வாங்கியிருந்தால் அங்கே தகடு சுருங்கி நெளிந்திருக்கும்.

பட்டி (ஒடுக்கை நிரப்பப் பூசும் பசை) பார்த்த இடம் தெரிய, ஃபிரிட்ஜில் ஒட்டும் மெல்லிய காந்தம் போதும். துணியில் சுற்றித் தகட்டில் வையுங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காமல் நழுவும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே எப்படியும் பிடிக்காது. பெயின்ட் தடிப்பு அளக்கும் கருவி கையில் உள்ள மெக்கானிக் வந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் ஏறத்தாழ 80 முதல் 180 மைக்ரானுக்குள் இருக்கும். 300-ஐத் தாண்டினால் மறு பெயின்ட் அல்லது பட்டி; 1,000-க்கு மேல் காட்டினால் தகடு நன்றாக ஒடுங்கி, அதைப் பட்டியால் நிரப்பியிருக்கிறார்கள்.

கண்ணாடிகளின் மூலையில் கம்பெனி முத்திரையும் ஆண்டுக் குறியும் அச்சாகியிருக்கும். எல்லாக் கண்ணாடியும் ஒரே கம்பெனி, அடுத்தடுத்த மாதங்கள் என்று இருந்தால் சரி. முன்கண்ணாடி மட்டும் மாறியிருந்தால் கல் பட்டிருக்கலாம். கதவுக் கண்ணாடி மாறியிருந்தால் காரணம் கேளுங்கள். சீட் பெல்ட்டின் அடிப்பகுதியில் தைத்திருக்கும் துண்டில் தயாரிப்புத் தேதி இருக்கும். வண்டி 2017, பெல்ட் 2020 என்றால் ஏர்பேக் வெடித்த விபத்தாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சாவியைத் திருப்பும்போது டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு, ஏ.பி.எஸ். விளக்கு, என்ஜின் விளக்கு மூன்றும் எரிய வேண்டும், என்ஜின் ஸ்டார்ட் ஆன சற்று நேரத்துக்குள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். எரிந்துகொண்டே இருப்பது குறை. எரியவே இல்லை என்றால் அது பெரிய குறை, ஏனென்றால் யாரோ அந்த விளக்கின் வாயை அடைத்திருக்கிறார்கள்.

வெள்ளம் பார்த்த வண்டி

2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். இவற்றில் நின்ற கார்கள் எல்லாம் உடைப்புக்குப் போய்விடவில்லை. கழுவி, காயவைத்து, வேறு மாவட்டத்தில் விற்கப்பட்டவை உண்டு. இன்றைய காரில் வயர் கட்டு முழுக்கத் தரைவிரிப்புக்கு அடியில் ஓடுகிறது, சில மாடல்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கியருக்குக் கீழே தரையோடுதான் இருக்கிறது. தண்ணீர் புகுந்த கனெக்டரில் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ஜன்னல் இறங்காது, இன்னொரு நாள் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. எந்த எலக்ட்ரீஷியனும் அதை ஒரே தடவையில் கண்டுபிடித்துத் தீர்த்துவிட முடியாது.

பார்க்கும் முறை இதுதான். முன் சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் ஒரு கோட்டுக்குக் கீழே நிறம் மாறியிருந்தால் அது தண்ணீர் நின்ற மட்டம். சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தையும் அதன் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டிக்குள்ளேயே இருக்கும் இரும்பு அது. துரு வரக் காரணமே இல்லை. தரைவிரிப்பை ஓரத்தில் தூக்கி அடியிலுள்ள பஞ்சை அழுத்துங்கள். ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம், ஸ்டெப்னி குழி, டேஷ்போர்டுக்கு அடியில் கை போகாத மூலைகள் ஆகிய இடங்களில் வண்டல் மண் மெல்லிய படிவமாக ஒட்டியிருக்கும். கடுமையான ஏர்ஃபிரெஷ்னர் வாசனை அடித்தால் கண்ணாடிகளை ஏற்றி, வெயிலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திறந்து மோந்து பாருங்கள்.

தண்ணீரில் நின்றபோது யாராவது ஸ்டார்ட் செய்திருந்தால் இன்னொரு சேதமும் உண்டு. சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கொஞ்சமாக வளைந்த ராடு சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, பிறகு என்ஜினையே உடைக்கும்.

மீட்டர்

டிஜிட்டல் மீட்டரைத் திருத்துவது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. ஆனால் வண்டியின் மற்ற பாகங்களைத் திருத்த முடியாது. 40,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங்கின் மேல் வளைவு பளபளத்து, ஓட்டுநர் சீட்டின் கதவோரக் குஷன் அமுங்கியிருந்தால் ஓட்டம் அதைப்போல் இரண்டு மடங்காவது இருக்கும். பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகம்தான்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயர் சாதாரணமாக 40,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை வரும். 2018 வண்டி, 30,000 கிலோமீட்டர், ஆனால் நான்கு டயரும் 2021-இல் வந்தவை என்றால் கணக்கு உதைக்கிறது. உண்மையை உறுதி செய்ய நல்ல வழி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொல்லி வரலாறு கேட்பது. உரிமையாளரே கூட வந்தால் பெரும்பாலும் தருவார்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் பதிவான கிலோமீட்டர் ஏறுமுகமாக வர வேண்டும். "வெளியிலதான் சர்வீஸ் பண்ணினேன், பில் எல்லாம் இல்ல" என்றால் மீட்டரில் உள்ள எண்ணை மறந்துவிட்டு, ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் என்று போட்டு விலை பேசுங்கள்.

டி போர்டில் (வாடகை வண்டியாக) ஓடிவிட்டு ஓன் போர்டாக (சொந்த வண்டியாக) மாற்றிய வண்டிகளும் சந்தைக்கு வரும். டாக்ஸியாக மூன்று ஆண்டில் இரண்டு லட்சம் ஓடியிருக்கலாம். மேல்கூரையில் கேரியர் பூட்டிய தடம், நம்பர் பிளேட் ஓரத்தில் மஞ்சள், ரெக்சின் உறைக்குள் இன்னொரு ரெக்சின் உறை ஆகியவை அடையாளம்.

என்ஜின்

ஸ்டார்ட் செய்வதற்கு முன் இரண்டு மூடிகளைத் திறக்க வேண்டும். ஒன்று ஆயில் ஊற்றும் மூடி. அதன் உட்புறம் தேனிறமோ கறுப்போ இருக்கலாம். டீசலில் கறுப்புதான் இயல்பு. பாலாடைபோல், காபி நுரைபோல் கெட்டியாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட்டே வெடித்திருக்கலாம். இரண்டாவது கூலன்ட் தொட்டி. பச்சை, சிவப்பு, நீலம் எதுவாகவும் இருக்கலாம், துருநிறமாகவோ எண்ணெய் மிதந்தோ இருக்கக் கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, செலவுக்குப் பயந்து தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். முதல் சில நொடி வெள்ளை ஆவி வந்து மறைந்தால் அது காலைக் குளிரின் ஈரம். நீல நிறமாக வந்தால் ஆயில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளையாகத் தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது. டீசலில் அழுத்தி மிதிக்கும்போது மட்டும் கொஞ்சம் கறுப்பு வரலாம், மற்றபடி கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேலேயே தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. தூக்கி எறிவதுபோல் குதித்து, வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் அதைத்தான் மெக்கானிக்குகள் "பேக் கம்ப்ரஷன்" என்கிறார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது. என்ஜினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டும். டீசல் வண்டிக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குவது டைமிங் செயினா பெல்ட்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சான்ட்ரோவிலும் ஐ10-இன் 1.1 லிட்டரிலும் பெல்ட். மாருதியின் கே வரிசை பெட்ரோல் என்ஜின்களில் செயின். பெல்ட்டைக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். அறுந்தால் பெரும்பாலான என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

அரை மணி நேரமாவது, நீங்களே ஓட்ட வேண்டும். பாட்டையும் ஏ.சி.யையும் முதலில் நிறுத்திவிடுங்கள்.

கிளட்ச்சுக்கு: மணிக்கு 40 கிலோமீட்டரில் நாலாவது கியர் போட்டு ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். வண்டியின் வேகமும் என்ஜினின் சுற்றும் சேர்ந்து ஏற வேண்டும். சுற்று மட்டும் விர்ரென்று ஏறி, வண்டி பின்தங்கினால் கிளட்ச் பிளேட் முடிந்தது. காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள், பிறகு மறுபக்கம். டக் டக் என்று வந்தால் ஆக்சில் ஜாயின்ட். வேகத்தடையில் இறங்கும்போது கடக் என்றால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர் இவற்றில் ஒன்று. இவையெல்லாம் முதல் வகைக் குறைகள்தான், பயப்பட வேண்டாம். ஆனால் சமமான சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுத்து, அலைன்மென்ட் செய்த பிறகும் இழுத்தால் மறுபடி ஏப்ரனைப் போய்ப் பாருங்கள்.

திரும்பி வந்து, ஏ.சி. போட்டு, நின்ற இடத்திலேயே பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். வெப்பநிலை முள் நடுவில் நிற்க வேண்டும். ஃபேன் ஓடி நிற்பது கேட்க வேண்டும். நம் ஊர் மே மாத நெரிசலில் என்ஜின் தாங்குமா என்பது இந்தப் பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் என்றால் எந்த வகை என்று தெரிந்துகொள்வது அவசியம். ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பெட்டியில் கிளட்ச்சை மிதிக்க ஒரு கருவி வைத்தது. கியர் மாறும்போது சின்னத் தலையாட்டல் அதன் இயல்பு. கிளம்பும்போது அதிர்ந்தால் கிளட்ச் செலவு வருகிறது. இரட்டைக் கிளட்ச் வகை நெரிசலில் சூடாகும், பழுது பெருஞ்செலவு. வாரண்டி முடிந்த இரட்டைக் கிளட்ச் வண்டியைப் புதிதாகக் கார் வாங்குகிறவர் தவிர்ப்பதே நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் கேட்பார், கொடுக்கலாம். விற்கிறவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். அடியில் ஆயில் ஒழுகல், ரப்பர் பூட் கிழிசல், துரு பார்ப்பார். கடற்கரை ஊர் வண்டி என்றால் துருவை இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அங்கே உப்புக்காற்று முதலில் தின்பது தரைத்தகட்டின் மடிப்புகளையும் சைலன்சரையும்தான். காரின் கணினியோடு ஸ்கேனர் போட்டால் பழைய பிழைக் குறிகள் தெரியும். குறியே இல்லாமல், அந்தக் கணினி தானே செய்யும் உள்சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால் நீங்கள் வருவதற்கு முன்புதான் அழித்திருக்கிறார்கள்.

காகிதம்

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் குத்தியிருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சேசிஸ் எண் 17 எழுத்து. அதைச் சுற்றி அரம் தேய்த்த தடமோ வெல்டோ இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடன் இருந்தால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கும். "லோன் எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்ற சொல் போதாது. வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-உம் கையில் இருக்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் அந்தத் தொகையை விற்கிறவர் கையில் தராமல் அவருடைய கடன் கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. விற்கிறவர் 14 நாளுக்குள்ளும் வாங்குகிறவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு கை மாறிய பிறகு கடைசி ஆள் பெயரைப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெயர் மாறாத வரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே இது விற்கிறவருக்கும் ஆபத்து. வாங்குகிறவருக்கோ, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் ஊர் மாறிவிட்டாலோ இறந்துவிட்டாலோ மாதக்கணக்கில் அலைச்சல்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு தானாக வந்துவிடும். உங்கள் காருக்கே வரும் சேதத்துக்கான காப்பு அப்படி வராது. பாலிசி பழையவர் பெயரில் இருந்தால் கிளைமை மறுப்பார்கள். நோ கிளைம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. விற்கிறவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார், எனவே பிரீமியம் வித்தியாசம் கட்ட வேண்டிவரும். பாலிசியில் அந்தப் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 50 என்றால் குறைந்தது ஐந்து ஆண்டாகக் கிளைம் எடுக்கவில்லை. சுழியம் என்றால் கடந்த ஆண்டு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

டெல்லி வண்டி மலிவாக வருவதற்குக் காரணம் உண்டு. பத்தாண்டு கடந்த டீசலும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோலும் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, அந்த வயதை நெருங்கும் கார்கள் வெளி மாநிலங்களுக்கு வரத் தொடங்கின. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் அங்கிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி. வேண்டும், இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குள் புது எண் வாங்க வேண்டும். புதுச்சேரி எண் உள்ள வண்டிக்கும் இதே கணக்கு. இவ்வளவையும் கூட்டிய பிறகு பக்கத்துத் தெரு வண்டியைவிட மலிவா என்று பாருங்கள்.

பதினைந்து ஆண்டை நெருங்கும் காருக்கு இன்னொரு செலவு காத்திருக்கிறது. எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் புதுப்பித்தல் கட்டணம் 5,000 ரூபாய், அதற்கு மேல் பசுமை வரி, எஃப்.சி.க்கு முன் பார்க்கும் பெயின்ட், டிங்கரிங் செலவு.

பணம்

அதே மாடல், அதே ஆண்டு, அதே எரிபொருளில் உங்கள் ஊரில் கேட்கப்படும் பத்து விலைகளை எழுதி, மேலே இரண்டையும் கீழே இரண்டையும் அடித்துவிடுங்கள். மீதியின் சராசரிதான் பேச்சைத் தொடங்கும் இடம். அதிலிருந்து, பார்த்த குறைகளை ஒவ்வொன்றாகத் தொகை சொல்லிக் கழியுங்கள்: சின்னக் காருக்கு நான்கு டயர் ஏறத்தாழ 16,000 முதல் 20,000, பேட்டரி ஏறத்தாழ 5,000. "கொஞ்சம் பார்த்துக் குறைங்க சார்" என்பதைவிட இது நின்று பேசும். கையில் உள்ள முழுத் தொகைக்கும் கார் வாங்காமல் பத்தில் ஒரு பங்கை முதல் சர்வீஸுக்கு ஒதுக்கிவையுங்கள்.

அட்வான்ஸ் சிறிய தொகையாக, ரசீதோடு. மீதி வங்கி வழியாக, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கு. வண்டியை எடுக்கும்போது டெலிவரி நோட்டில் தேதி மட்டுமல்ல, மணி, நிமிடம், மீட்டர் கிலோமீட்டர் மூன்றும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காலை வரை விழுந்த அபராதம் அவருடையது, மாலையில் விழுவது உங்களுடையது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. இரண்டாவது சாவியை மறக்க வேண்டாம். சிப் வைத்த சாவியைப் புதிதாகச் செய்யச் சில ஆயிரம் ஆகும். அதைவிட, இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்பது தெரியாமல் போகும். பழையவரின் ஃபாஸ்டேகைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உங்கள் பெயரில் புதிது ஒட்டுங்கள்.

முதல் வாரமே என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், முந்தைய ஆள் எப்போது மாற்றினார் என்ற கேள்வியே எழாது. பிரேக் ஆயிலை யாருமே மாற்றுவதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது கொதித்து, பெடல் பஞ்சுபோல் கீழே போகும். இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும்.

புதிய ஆர்.சி. அஞ்சலில் வீட்டுக்கு வரும், அதனால் விண்ணப்பத்தில் முகவரியும் கைப்பேசி எண்ணும் சரியாக இருக்கட்டும். கைக்கு வந்ததும் பெயரின் எழுத்து, சேசிஸ் எண், உரிமையாளர் வரிசை எண் ஆகியவற்றைப் பாருங்கள். வங்கிப் பெயர் இருந்த கட்டம் காலியாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.